மண்ணிடம் பாடங் கேட்ட அறிஞர் சேர் அல்பேட் ஹவார்ட்

கல்முனை தொடங்கிப் பொத்துவில் ஈறாக நீண்டு கிடக்கும் எமது கரையோரம் நெல்லால் வாழ்வது. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அவ்வயல்களையுங் கடந்து மேற்கே சென்றால், மகாஓயா, பதியத்தலாவை முதலான மேட்டுநிலப் பகுதிகளிலே மாரி மழையை நம்பிச் சோளம் விதைப்போரைக் காணலாம். காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் விதைத்து, மண் இளைத்ததும் அதனைக் காட்டுக்கே விட்டு அப்பாற் செல்வது பண்டைச் சேனைப் பயிர் முறை. அம்முறையின் நினைவு அட்டாளைச்சேனை என்னும் எங்கள் ஊர்ப் பெயரிலேயே நின்று நிலவுகின்றது. அக்காலத்திலே மண் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் கிடைத்தன. இன்றோ குடும்பங்கள் பெருகின, நிலம் சுருங்கிற்று, மண்ணை ஆறவிடுங் காலமுஞ் சுருங்கிற்று. ஆண்டுதோறும் அதே மண்ணில் அதே பயிரை விதைப்பவன், தான் எடுத்ததற்கு ஈடாக எதனை அம்மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது?

இவ்வினாவுக்கு விடை காண்பதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சேர் அல்பேட் ஹவார்ட் என்னும் ஆங்கில அறிஞர். அன்னாரைச் சிலர் முனிவரெனப் போற்றுவர். சிலர் பிடிவாதக்காரரெனத் தள்ளுவர். எமது நாடு அண்மையிற் பட்ட ஒரு துன்பத்தின் பின்னர், அவர் உண்மையிற் செய்தது யாது, கூறியது யாது என்பதை அமைதியாக ஆராய்ந்தறிதல் இன்றியமையாததாயிற்று. ஆதலின், கல்லூரியின் பழைய மாணவர் வெளியிடும் இவ்விழா மலரிலே அவர் வரலாற்றைச் சுருக்கமாகத் தர விழைகின்றேன்.

ஹவார்ட் 1873 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் எட்டாம் நாள் இங்கிலாந்தின் சுரொப்சயர் மாவட்டத்திலே, பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கமக்காரர். மாட்டையும் ஏரையும் எருக்குவியலையுங் கண்டு வளர்ந்த அச்சிறுவர், இலண்டன் றோயல் விஞ்ஞானக் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் புனித யோவான் கல்லூரியிலும் பயின்று இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிலே தேறினார். விவசாயத்திலும் தகைமைச் சான்றிதழ் பெற்றார். உழவர் குடியிற் பிறந்தவர் உயர்கல்வி பெற்றதும் உழவை மறப்பதே பெருவழக்கு. இவர் அதனை மறந்தாரல்லர்.

1899 ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளிலே, பார்படோசில் இயங்கிய விவசாயத் திணைக்களத்திற் பங்கசு நோய்களை ஆராயும் பதவி இவருக்குக் கிடைத்தது. கரும்பு முதலிய பயிர்களைத் தாக்கும் நோய்களை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து ஆராய்வதே பணி. அப்பணியிற் புகழ் கிடைத்தது, மனநிறைவு கிடைக்கவில்லை. உழவனுக்குத் தாம் கூறும் அறிவுரையைத் தாமே பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு நிலமும் இவருக்கு இருக்கவில்லை. தான் உண்டு பாராத மருந்தைப் பிறர்க்குக் கொடுக்கும் வைத்தியன் நிலை தம் நிலையென அவர் உணர்ந்தார். ஆய்வுக்கூடத்துக்கும் வயலுக்கும் இடையே கிடந்த இப்பிளவே அவரை வாழ்நாள் முழுவதும் உறுத்திய குறையாம்.

1903 இல் இங்கிலாந்து திரும்பிய அவர், கெந்து மாவட்டத்து வை கல்லூரியிலே ஹொப் என்னுங் கொடியைப் பற்றி ஆராய்ந்தார். தோட்டக்காரர் ஆண்கொடிகளைப் பயனற்றவையென அகற்றுவது அக்கால வழக்கம். ஆண்கொடிகளையும் உடன்வளரவிட்டு இயற்கையாகச் சூல்கொள்ளச் செய்தால், பயிர் செழிப்பதோடு நோயையும் நன்கு தாங்குகின்றது என்பதை ஹவார்ட் கண்டார். பயிரின் நோயைத் தனியே பாராது, பயிரின் வாழ்வு முழுவதையும் பார்க்க வேண்டுமென்னும் எண்ணம் அங்கேதான் வேரூன்றிற்று.

1905 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு பெருநிகழ்ச்சிகள் கூடின. பீகாரிலே பூசா என்னுமிடத்தில், கர்சன் பிரபு ஆட்சியில், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் துணையோடு அமைந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்திற்கு ஹவார்ட் தாவரவியலறிஞராக நியமனம் பெற்றார். அவ்வாண்டே காபிரியேல் மத்தாயி என்னும் பெண்மணியை மணந்தார். இவ்வம்மையார் கேம்பிரிட்ஜிலே பயின்று, ஒளித்தொகுப்பு வெப்பநிலையால் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1913 இல் இவரும் அரசாங்கத் தாவரவியலறிஞர் பதவியைப் பெற்றார். இருவர் பெயரும் சேர்ந்து பல ஆய்வு நூல்களில் உள்ளன. பிற்காலத்தார் ஹவார்டின் பெயரை மட்டும் நினைத்து இவரை மறந்தமை நன்றன்று. அவருடைய இந்திய ஆராய்ச்சியிற் பாதி இவ்வம்மையாருடையது என்பதே நேர்மையாகும்.

பூசாவிலே ஹவார்டுக்கு 75 ஏக்கர் நிலங் கிடைத்தது. பார்படோசில் ஏங்கிய ஏக்கம் தீர்ந்தது. ஆனால், அயலூர் உழவரின் வயல்களைப் பார்த்தபோது அவர் வியப்படைந்தார். மருந்து தெளியாத, விலைப்பசளை வாங்காத அவ்வேழை மக்களின் பயிர்கள் பெரும்பாலும் நோயின்றி நின்றன. கற்பிக்க வந்தவர் கற்க முடிவு செய்தார். அயலூர் உழவரையும், பயிரைத் தாக்கும் புழு பூச்சிகளையுமே தம் ஆசிரியராகக் கொண்டார். கலப்புப் பயிர் விதைத்தல், அவரையினப் பயிரை இடையிடையே வளர்த்தல், ஆழமாக வேரோட மண்ணைத் திறந்துவிடல் ஆகிய அவர்தம் வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காரணம் ஆராய்ந்தார். பூச்சி கண்ட இடத்திலே மருந்தைத் தேடுமுன், அப்பயிருக்கு யாது குறையென மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்தார்.

இவ்வழக்கத்தின் பயனுக்கு அவுரிப் பயிர் சான்றாகும். பீகாரிலே அவுரிச்செடிகள் வாடி மாய்ந்தபோது அதனைக் கிருமியின் வேலையென்றே பலர் கருதினர். ஹவார்ட் தம்பதியர் வேர்களை ஆராய்ந்து, மழைநீர் தேங்கியதால் மண்ணிற் காற்றோட்டம் அற்றுப்போனதும், நுண்ணிய வேர்கள் அழிந்ததுமே முதற்காரணமெனக் காட்டினர். வடிகாலே அதற்கு மருந்தாயிற்று. இவர்கள் தெரிந்தெடுத்த பூசா 4, பூசா 12 முதலிய கோதுமை வகைகளும் வட இந்தியாவிற் பரவின. கோடைக் காலங்களிலே குவெட்டாவிற் பழப்பயிர்களையும், குறைந்த நீரிற் கோதுமை விளைவிக்கும் முறையையும் ஆராய்ந்தனர்.

ஆயினும் பூசா நிலையத்திலே ஹவார்டுக்கு அமைதி கிட்டவில்லை. தாவரவியலார் விதையை மட்டும் பார்த்தனர். இரசாயனவியலார் மண்ணை மட்டும் பார்த்தனர். பூச்சியியலார் பூச்சியை மட்டும் பார்த்தனர். உழவனோ மண்ணையும் மாட்டையும் விதையையும் மழையையும் ஒருங்கே பார்த்து வாழ்பவன். அவனுக்குத் துண்டு துண்டான அறிவால் என்ன பயன்? இவ்வெண்ணத்தோடு அவர் 1924 இல் மத்திய இந்தியாவிலுள்ள இந்தூருக்குச் சென்றார். இந்திய மத்திய பருத்திக் குழுவின் துணையோடு பயிர்த்தொழில் நிலையமொன்றை நிறுவி, எல்லாத் துறையையும் ஒரே வயலில் ஒன்றுகூட்டினார். உலகறிந்த இந்தூர் முறை அங்கேதான் உருப்பெற்றது.

அம்முறை எளியது, ஆயின் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. பயிர்த்தண்டு, களை, இலைகுழை, மாட்டுக்கொட்டிலில் விரித்த வைக்கோல் ஆகியவற்றைச் சேர்த்தல் வேண்டும். தடித்த தண்டுகளை வண்டிப்பாதையிற் பரப்பிச் சக்கரத்தால் நசுக்கிக் கொள்ளலாம். அவற்றோடு சாணத்தையும், கொட்டிலில் மாட்டுமூத்திரம் ஊறிய மண்ணையும், புளிப்பைத் தணிக்க விறகுச் சாம்பலையும் அளவோடு கலந்து, நீர் தெளித்து அடுக்குதல் வேண்டும். வறண்ட காலத்திற் குழியும், மழைக்காலத்தில் நிலத்தின்மேற் குவியலும் ஏற்றவை. குழி மூன்றடிக்கு மேல் ஆழமாயின் அடியிற் காற்றுப் புகாது. காற்றின்றேல் அழுகலும் நாற்றமுமே மிஞ்சும். ஆதலின் மும்முறை கிளறிப் புரட்டல் வேண்டும். குவியல் சூடேறும், பின்னர் ஆறும். தொண்ணூறு நாட்களளவில், கருநிறமாய், கையிற் பொலபொலவென உதிருங் கூட்டெரு கிடைக்கும்.

இதன் உட்பொருளை ஹவார்டும் அவருடன் உழைத்த யசுவந்த் வாட் என்னும் இந்திய இரசாயனவியலறிஞரும் அளந்து காட்டினர். தொடக்கத்திலே காபன் முப்பத்துமூன்று பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு இருத்தல் நன்று. முடிவில் அது பத்துக்கு ஒன்று என்னும் அளவை நெருங்கும். வைக்கோலை அப்படியே வயலில் உழுதால், அதனை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாம் எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். அவ்வேலையை வயலுக்கு வெளியே முடித்துக் கொடுப்பதே கூட்டெருவின் நோக்கம். சீன நாட்டு உழவரின் எருவாக்கும் பழக்கத்தையும் இந்திய உழவரின் அனுபவத்தையும் விஞ்ஞான அளவையோடு சேர்த்த இம்முறையை இருவரும் 1931 இல் நூலாக வெளியிட்டனர். 1935 இல் காந்தியடிகள் இந்தூர் நிலையத்தைப் பார்வையிட்டார்.

1930 ஆம் ஆண்டு காபிரியேல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு ஹவார்ட் இந்தியாவை விட்டு நீங்கினார். இருபத்தாறு ஆண்டுகள் அங்கு உழைத்தவருக்கு 1934 இற் சேர் பட்டங் கிடைத்தது. அம்மையாரின் தங்கையார் லூயிஸ், பின்னாளில் அவருக்கு வாழ்க்கைத் துணைவியாகி, அவர்தம் இந்திய வாழ்வைப் பற்றி 1953 இல் நூலொன்றும் எழுதினார்.

ஓய்வுபெற்றவர் ஓய்ந்திருக்கவில்லை. 1937 இன் இறுதியிலும் 1938 இன் தொடக்கத்திலும் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டார். கூட்டெரு இட்ட இடங்களிலே, தேயிலை வேரோடு ஒருவகைப் பங்கசு கூடி வாழ்வதை அவர் பெரிதாகக் கருதினார். அப்பங்கசு மண்ணிலுள்ள உணவை வேருக்கு ஊட்டி, வேரிடமிருந்து மாவுச்சத்தின் பயனைப் பெறுகின்றது. மண்ணுக்கும் பயிருக்கும் இடையே பாலம் போன்றது இவ்வுறவென அவர் கொண்டார். 1940 இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலிலே இச்செய்திக்குப் பெரிய இடமுண்டு.

அந்நூலிற் சோளத்தைப் பற்றிய செய்தியொன்றும் உண்டு. இன்று சிம்பாப்வே எனப்படும் தென் ரொடீசியாவிலே, சோளப்பயிரின் வேரை உறிஞ்சி வாழும் களையொன்று கமக்காரரை வாட்டியது. தமிழகத்துச் சோளக் கொல்லைகளிலே சுடுமல்லி எனப்படுவதும் அவ்வினத்ததே. கூட்டெரு இட்ட நிலத்தில் அக்களை குறைந்ததென டிம்சன் என்னும் விவசாய உத்தியோகத்தர் 1938 இல் அறிவித்தார். ஹவார்ட் அதனை மகிழ்வோடு எடுத்துக்கூறினார். காரணம் அன்று எவருக்குந் தெரியாது. 1966 இலே, இவ்வினக் களையின் விதையை முளைக்கத் தூண்டும் பொருள் பயிர்வேரிலிருந்தே கசிகின்றதென்பது தெளிவாயிற்று. 2005 இல், அவ்வகைப் பொருள்களே மண்ணிலுள்ள நற்பங்கசையும் வேரிடம் அழைக்கின்றன என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். பொசுபரசு போதாத மண்ணிலே பட்டினி கிடக்கும் பயிர் அதனைக் கூடுதலாகச் சுரக்கின்றது. பசித்த பயிர் நண்பனை அழைக்கின்றது. அக்குரலைப் பகையுங் கேட்டு வந்துவிடுகின்றது. மண் வளம்பெற்றால் அழைப்புத் தணியும், களையுந் தணியும். ஹவார்ட் தம் அனுபவத்தால் உணர்ந்த ஒன்றுக்கு, அவர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னர் விளக்கங் கிடைத்தது.

இத்துணை கூறிய யான் மறுபக்கத்தையுங் கூறுதல் கடமையாகும். ஹவார்ட் முதுமையிலே தம் கொள்கையை அளவுக்கு மேல் நீட்டினார். நல்ல மண்ணில் விளைந்ததை உண்டால் பயிருக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் நோயே அணுகாதென்னும் அளவுக்குச் சென்றார். தம் எருதுகள் கோமாரி கண்ட மாடுகளோடு மூக்குரசி நின்றும் நோய்ப்படவில்லையென அவர் எழுதியது தக்க ஒப்பீட்டுச் சோதனையால் நிலைநாட்டப்பட்டதன்று. செயற்கைப் பசளையை மண்ணின் நஞ்செனவே அவர் கண்டித்தார். ஆனால் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்திலே 1843 இல் தொடங்கிய கோதுமைச் சோதனையில், தொழுவெரு இட்ட பாத்திகளும் செயற்கைப் பசளையை முறையாக இட்ட பாத்திகளும் நூறாண்டுக்கு மேலாக ஏறக்குறைய ஒத்த விளைவைத் தந்துள்ளன. தொழுவெரு இட்ட மண்ணில் உக்கல் பெருகியமையும் அங்கேயே அளந்து காட்டப்பட்டது. ஆகவே உண்மை இருபக்கமும் உண்டு.

கணக்கொன்று பார்ப்போம். ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்றிலே 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுடைய கூட்டெருவாற் அவ்வளவைக் கொடுப்பதாயின் 2,300 கிலோ வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற் போகத்திற் பயிருக்குக் கிடைக்கும். அவ்வளவையும் ஆக்க இலைகுழை வேண்டும், மாடு வேண்டும், நீர் வேண்டும், கிளறக் கை வேண்டும். இவற்றைச் சேர்க்க ஆண்டுகள் செல்லும்.

இக்கணக்கை மறந்ததன் விளைவை நாம் கண்ணாற் கண்டோம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே செயற்கைப் பசளை இறக்குமதி இலங்கையில் தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதத்திலே தடை தளர்ந்ததாயினும், பெரும்போகம் தொடங்கிவிட்டது. விதைத்த வயல்கள் பச்சை மாறி மஞ்சளாய் நின்ற காட்சியை எங்கள் கரையோரத்தார் மறவார். நெல்லும் சோளமும் விளைச்சலிற் பெரிதும் வீழ்ந்தன. களவெட்டியில் அளந்தெடுக்கும் நெல்லை நம்பிக் கடன்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலே இருந்தனர். அவர்கள் முகத்தை நோக்கிப் பாடஞ் சொல்வது எளிதாயிருக்கவில்லை. அந்நாட்களிலே இயற்கை விவசாயம் என்னுஞ் சொல்லோடு ஹவார்டின் பெயரும் அடிபட்டது. அவரைப் புகழ்ந்தாரும் இகழ்ந்தாரும் அவர் எத்தனை ஆண்டு, எத்தனை ஏக்கரில், எத்தனை முறை அளந்து பார்த்தார் என்பதை எண்ணினாரல்லர். பார்படோசிலே சோதியாத அறிவுரையைக் கூற வெட்கப்பட்டவர் அவர். ஒரு நாட்டு உழவர் அனைவரையும் ஒரே போகத்தில் ஒரு சோதனைக்குள் தள்ளுவது அவர் காட்டிய வழியாகாது.

அங்ஙனமாயின் அவர்வழி எமக்குத் தருவது யாது? எங்கள் வயல்களிலே அறுவடை இயந்திரம் சென்றபின் வைக்கோல் கிடக்கின்றது. பலவிடங்களில் அதற்குத் தீ வைக்கின்றோம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்கியுள்ளது. எரித்தால் நைதரசன் புகையோடு போகும். உக்கலாக வேண்டிய பொருளும் போகும். மாட்டுப்பட்டிச் சாணம் ஒருபுறம் காய்கின்றது; வேலியிலே நிற்கும் கிளிரிசீடியாக் குழை வெட்டுவாரின்றி முற்றுகின்றது. அதே கிளிரிசீடியாவைச் சோளத்தின் இடையே நட்டு வெட்டி மண்ணில் இட்டு, ஆபிரிக்காவிலே மலாவி, சாம்பியா நாட்டுச் சிறுகமக்காரர் பயன் பெறுகின்றனர். மண்ணைச் சோதித்து, உள்ளதை உணர்ந்து, கூட்டெருவை முதலாகவும் விலைப்பசளையை அதற்குத் துணையாகவும் அளவறிந்து இடும் முறையையே இன்றைய ஆராய்ச்சியாளர் சிறுகமக்காரனுக்குப் பரிந்துரைக்கின்றனர். உக்கல் நிறைந்த மண் நீரையும் பசளையையும் பிடித்து வைத்திருப்பதால், இடும் யூரியாவும் வீணாகாது பயிரைச் சேரும். ஹவார்ட் இருந்தால் அந்த யூரியாவுக்கு உடன்பட்டிருப்பாரோ என்பது ஐயமே. ஆனால் அளந்து பார்த்த பின்னரே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்னும் பாடத்தை அவரிடமிருந்தே நாம் கற்றோம். அப்பாடத்தின்படி அவர் கூற்றையும் அளக்கின்றோம்.

சேர் அல்பேட் ஹவார்ட் 1947 ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள் இருபதாம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவரெழுதிய நூல்கள் நூலகங்களில் உள்ளன. எமது கல்லூரியிற் பயின்று விவசாயப் போதனாசிரியராகவும், நீர்ப்பாசன உத்தியோகத்தராகவும், ஆசிரியராகவும், உழவராகவும் விளங்கும் பழைய மாணவர் பலர். அவர்கட்கு என் வேண்டுகோள் ஒன்றே. வரும் பெரும்போகத்திலே உங்கள் வயலின் ஒரு மூலையை மட்டும் ஒதுக்குங்கள். அறுத்த வைக்கோலை எரியாது, சாணத்தோடு குழியிலிட்டு, மும்முறை கிளறி, அம்மூலைக்கு இடுங்கள். மற்றைப் பகுதியை வழக்கம்போற் செய்யுங்கள். இரண்டையும் தனித்தனியே அறுத்து அளந்து எழுதி வையுங்கள். மூன்று போகம் அவ்வாறு செய்தவர், ஹவார்டைப் பற்றி எம்மிலும் நன்றாகக் கூற வல்லவராவர். படித்தவன் உழவனிடமும், உழவன் மண்ணிடமும் பாடங் கேட்கும் வழக்கம் எமது பகுதியிலே நிலைபெறுவதாக.